நெல் பூத்த நாளைக் குறித்து வையுங்கள்

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் குருணைக் கடந்து அலோர் ஸ்டார் நோக்கிப் போகிறவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு காட்சியைக் காணலாம். சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல் பொன்னிறமாகத் தலை சாய்த்து நிற்கும். காரை நிறுத்திப் படம் எடுப்பவர்களும் உண்டு. வேலையெல்லாம் முடிந்துவிட்டது, இனி அறுத்துக் காசாக்க வேண்டியதுதான் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

ஆனால் அந்த வயலுக்கு உரியவருக்குத் தூக்கம் கெடும் காலம் அதுதான். மழை வருமா, இயந்திரம் வருமா, இரண்டும் ஒரே நாளில் வந்துவிடுமா என்ற கவலை அவருக்கு. மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்த பயிர் கடைசி மூன்று நாளில் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போன கதைகள் ஒவ்வொரு கம்பத்திலும் உண்டு.

இது விவசாயியின் கவலை மட்டுமல்ல. நம் நாட்டின் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசியின் விலை உயர்த்தப்பட்டபோது, 10 கிலோ 26 வெள்ளிக்கு விற்க வேண்டிய உள்நாட்டு அரிசி கடைகளில் கிடைக்காமல் மக்கள் அலைந்ததை மறந்திருக்க முடியாது. வயலில் சிந்தும் நெல்லும், ஆலையில் நொய்யாகிப் போகும் அரிசியும் நம் வீட்டுச் சோற்றுப் பானைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டியவை.

அறுவடைக்கு முந்தைய கடைசி முப்பது, முப்பத்தைந்து நாட்களில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது, அறுவடையை எப்படித் திட்டமிட வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எண்ணிக்கை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கெடா, பெர்லிஸ் ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் மூடா நீர்ப்பாசன வட்டாரம்தான் நாட்டின் மிகப் பெரிய நெற்களஞ்சியம். ஒரு லட்சம் ஹெக்டேருக்கு அருகில் இங்கே நெல் பயிராகிறது. மூடா, பெடு அணைகளின் தண்ணீர் 1970-இல் வயல்களுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் இங்கே ஆண்டுக்கு இரண்டு போகம் என்ற நிலை உருவானது. அதே ஆண்டில் அமைக்கப்பட்ட மாடா எனும் மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியம்தான் எந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர் என்ற அட்டவணையை வகுக்கிறது.

இங்குள்ள விவசாயிகள் பெரும்பாலும் நாற்று நடுவதில்லை, நேரடியாக விதைக்கிறார்கள். விதைத்த நாளிலிருந்து எண்ணுவதே அவர்களது வழக்கம். மார்டி 2001-இல் வெளியிட்ட எம்.ஆர். 219 ரகத்தை எடுத்துக்கொண்டால், 105 முதல் 111 நாளில் அறுக்கலாம் என்பது கணக்கு.

இந்தக் கணக்கு தவறல்ல, ஆனால் போதாது. தண்ணீர் தாமதமாக வந்த வயல், உரம் கூடிப்போன வயல், மேடும் பள்ளமுமான வயல் ஆகியவை ஒரே நாளில் விதைத்திருந்தாலும் ஒரே நாளில் பூப்பதில்லை. ஆனால் பூத்த பிறகு நெல் பெரிதாக ஏமாற்றுவதில்லை. நம் தட்பவெப்பத்தில் பூத்ததிலிருந்து ஏறத்தாழ 30 நாளில் மணி முற்றிவிடும். மழையும் மேகமுமாக இருந்தால் சில நாள் கூடும்.

ஆகவே வயலில் பாதிக்கு மேல் கதிர் வெளிவந்து பூத்த நாள் எதுவோ, அந்த நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு வைக்க வேண்டும். தண்ணீரை எப்போது வடிப்பது, இயந்திரக்காரருக்கு எப்போது சொல்வது, லோரிக்கு எப்போது ஏற்பாடு செய்வது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை அந்த ஒரு நாளிலிருந்துதான் கிடைக்கும். பல வயல் வைத்திருப்பவர் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

உரம் போட்டால் கடைசியில் விளைச்சல் கூடுமா?

பூத்த பிறகு கதிரில் புதிதாக மணிகள் தோன்றப்போவதில்லை. எத்தனை மணி என்பது முன்பே முடிவாகிவிட்ட விஷயம். இனி நடக்கப்போவது அந்த மணிகள் நிரம்புவதா, பதராகப் போவதா என்பது மட்டுமே. மணியை நிரப்பும் வேலையைச் செய்வது பயிரின் மேல் மூன்று இலைகள். அதிலும் முக்கியமாகக் கதிருக்கு அடியில் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடி இலை. அந்த இலைகள் பச்சையாக இருந்து வெயிலை வாங்கும் வரை மணியில் மாவு சேர்ந்துகொண்டே இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் பூத்த பிறகு யூரியாவை அள்ளி வீச மாட்டார்கள். இந்தக் கட்டத்தில் தழைச்சத்து கூடினால் பயிர் பார்க்கக் கரும்பச்சையாக இருக்கும். ஆனால் தண்டு மென்மையாகிச் சாயும், முற்றுவது தள்ளிப்போகும், குலை நோயும் புகையானும் விருந்துக்கு வருவதுபோல் வரும். கடைசி உரம் கதிர் வெளிவருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு செலவிடும் காசு பெரும்பாலும் நோய்க்கு இடும் உரமாகவே முடிகிறது.

யாருக்குப் பயப்பட வேண்டும்?

இந்தப் பருவத்தில் நான்கு எதிரிகளைக் கவனித்தால் போதும்.

முதலாவது கழுத்துக் குலை நோய். கதிரின் கழுத்துப் பகுதி கறுத்துச் சுருங்கி, கதிர் முழுவதும் வெளிறிப் பதராகிவிடும். வெளிறிய கதிரைக் கண்ட பிறகு மருந்து அடித்துப் பயனில்லை. செத்த கதிர் செத்ததுதான். முன்பே இலையில் கண் வடிவப் புள்ளிகள் தெரிந்திருந்தால், கதிர் வெளிவரும் வேளையில் அடிக்கும் மருந்துதான் காப்பாற்றும்.

இரண்டாவது புகையான். இது இலையில் இருக்காது. தண்டின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வயல் நடுவில் வட்ட வட்டமாகக் காய்ந்து தீய்ந்ததுபோல் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். வாரம் ஒரு முறையாவது வயலுக்குள் இறங்கிப் பயிரை விலக்கி அடித்தண்டைப் பார்க்க வேண்டும். கண்ட பூச்சிக்கெல்லாம் கடுமையான மருந்தை அடிப்பவர்களின் வயலில்தான் புகையான் அதிகம் பெருகுகிறது. காரணம், அதைத் தின்னும் சிலந்திகள் முதலில் செத்துவிடுகின்றன.

மூன்றாவது கதிர் நாவாய்ப்பூச்சி. மலாய் விவசாயிகள் இதைக் கெசிங் என்பார்கள். மணியில் பால் பிடிக்கும் நாட்களில் ஊசி போன்ற வாயால் பாலை உறிஞ்சிவிடும். அதன் துர்நாற்றமே அது வந்திருப்பதைச் சொல்லிவிடும். காலையிலும் மாலையிலும்தான் இது கதிரில் அதிகம் தென்படும். மணி கெட்டியான பிறகு இதற்காக மருந்து அடிப்பது வீண் செலவு.

நான்காவது எலி. பயிர் சூல் கொண்டதிலிருந்தே எலி வயலைத் தேடி வரும். நெல் வட்டாரங்களில் உயரமான கம்பங்களின் மேல் மரப்பெட்டிகள் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அவை கூகைகளுக்காக வைத்த கூடுகள். இரவு முழுவதும் எலி பிடிக்கும் அந்தப் பறவைக்குச் சம்பளம் தேவையில்லை. ஆனால் கடும் விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் செத்துப்போகும். கூடும் வைத்து, கண்டபடி விஷமும் வைப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதற்குச் சமம்.

மருந்து எதுவானாலும் இரண்டு விதி உண்டு. நெற்பூ முற்பகலில் விரியும். அந்த நேரத்தில் தெளிக்கக் கூடாது. அடுத்து, தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பது மருந்துப் புட்டியின் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த நாட்களைக் குறைப்பவர், தாம் அடித்த மருந்தை அடுத்தவர் வீட்டுத் தட்டில் பரிமாறுகிறார்.

தண்ணீரை எப்போது வடிப்பது?

கடைசிக் கட்டத்தின் மிகப் பெரிய முடிவு இதுதான். பூக்கும்போதும் பால் பிடிக்கும்போதும் வயல் காயவே கூடாது. அந்த நாட்களில் தண்ணீர் தட்டினால் பதர் கூடும். ஆனால் அறுவடை வரை தண்ணீரை நிறுத்தி வைப்பதும் தவறு.

பொதுவாக அறுவடைக்கு 10 முதல் 14 நாளுக்கு முன் தண்ணீரை வடிக்க வேண்டும். பூத்து 30 நாளில் அறுவடை என்றால், ஏறத்தாழ 16 முதல் 20-ஆம் நாளுக்குள் மடையைத் திறக்க வேண்டும் என்று பொருள். களிமண் நிலம் மெதுவாகக் காயும். அங்கே 14 நாள் தேவை. மணல் கலந்த நிலத்தில் சில நாள் தாமதிக்கலாம். மழைக்காலத்து அறுவடை என்றால் முன்கூட்டியே வடிப்பதே நல்லது.

வடிப்பதால் இரண்டு நன்மை. வயல் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றும். பல டன் எடையுள்ள அறுவடை இயந்திரம் இறங்கத் தரை தாங்கும். மூடா வட்டாரத்தின் பழைய தலைவலிகளில் ஒன்று இந்த மென்மையான தரை. ஈர வயலில் இயந்திரம் இறங்கினால் அடியிலுள்ள கெட்டித் தளம் உடைந்து முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழும். அடுத்த போகத்தில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், மேட்டில் நிற்காது. மேட்டில் களை முளைக்கும், பள்ளத்தில் விதை அழுகும். ஒரு நாள் அவசரத்துக்குப் பல போகம் விலை கொடுக்க நேரிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. எல்லா வயலும் வாய்க்காலை ஒட்டி இருப்பதில்லை. பல இடங்களில் ஒருவர் வயல் வழியாகத்தான் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் போகிறது, வருகிறது. மேல்வயல்காரர் மடையைத் திறக்கும் நாளில் கீழ்வயல்காரரின் நெல் பால் பிடிக்கும் நிலையில் இருந்தால் இருவருக்கும் சண்டைதான் மிஞ்சும். மாடா அட்டவணைப்படி ஒரு பகுதியில் உள்ள எல்லோரும் ஒரே வாரத்தில் விதைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அறுவடைத் திட்டம் உண்மையில் விதைக்கும் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

நெல் முற்றிவிட்டதா? கண்ணை மட்டும் நம்ப வேண்டாம்

வரப்பில் நின்று பார்த்தால் வயலின் ஓரம்தான் தெரியும். ஓரம் எப்போதும் முந்தி முற்றும். உள்ளே இறங்கி, பல இடங்களிலிருந்து பத்துக் கதிரைப் பறித்து வந்து பார்க்க வேண்டும். நூறு மணியில் 80 முதல் 85 மணி வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தால் அறுவடைக்குத் தயார். கதிரின் அடிப்பகுதி மணிகள்தான் கடைசியில் முற்றும். அவற்றைப் பல்லில் கடித்துப் பார்க்கலாம். பால் வந்தால் காத்திருக்க வேண்டும். மாவாக நசுங்கினால் இன்னும் சில நாள். கடிக்கும்போது கெட்டியாக உடைந்தால் சரி.

எல்லா மணியும் நூற்றுக்கு நூறு பொன்னாகட்டும் என்று காத்திருப்பவரும் நட்டப்படுவார். முந்தி முற்றிய மணிகள் உதிரத் தொடங்கும். பகலில் காய்ந்து இரவுப் பனியில் நனைந்து மறுநாள் மீண்டும் காயும் மணியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அந்த நெல் ஆலையில் அரைக்கப்படும்போது முழு அரிசியாக வராமல் நொய்யாகும். பச்சையாக அறுத்தால் கருக்காயும் சுண்ணாம்பு போல் வெளுத்த அரிசியும். தாமதித்து அறுத்தால் உதிர்வும் நொய்யும். நடுவில் இருப்பது சில நாட்கள் மட்டுமே.

அப்போது நெல்லின் ஈரம் 20 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். விவசாயிகள் சங்கத்திலோ ஆலையிலோ ஈரமானி வைத்திருப்பார்கள். அறுவடைக்கு முன் ஒரு கைப்பிடி நெல்லை எடுத்துப் போய் அளந்து பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இயந்திரத்துக்குக் காத்திருப்பதா, இயந்திரத்தைக் காத்திருக்க வைப்பதா?

ஒரு காலத்தில் பெண்கள் வரிசையாக நின்று அறுக்க, ஆண்கள் கதிரடித்தார்கள். 1970-களின் நடுவில் அறுவடை இயந்திரங்கள் கெடாவுக்குள் நுழைந்தன. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான வயல்கள் இயந்திரத்துக்கு மாறின. அந்த மாற்றத்தால் கூலி வேலை இழந்த ஏழைகளின் நிலையை, 1978 முதல் 1980 வரை கெடாக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் 1985-இல் நூலாக எழுதினார். உலகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் அது படிக்கப்படுகிறது.

இயந்திரம் வந்ததில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. கையால் அறுத்த காலத்தில் அறுவடை நாளை விவசாயி முடிவு செய்தார். இன்று பலருக்கு அதை இயந்திரத்தின் சொந்தக்காரர் முடிவு செய்கிறார். இயந்திரம் ஒரு பகுதியை முடித்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு நகரும். பக்கத்து வயலுக்கு வந்திருக்கிறது, இப்போது விட்டால் மறுபடி எப்போது வருமோ என்ற பயத்தில் பச்சை நெல்லை அறுத்துவிடுபவர்கள் உண்டு. கடைசி நேரத்தில் ஆளைத் தேடி, பத்து நாள் தாமதமாக அறுப்பவர்களும் உண்டு.

அறுக்க மாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்கள். எத்தனை இயந்திரம் வட்டாரத்தில் சுற்றினாலும், உரிய நாளில் தன் வயலில் இறங்காத இயந்திரத்தால் பயனில்லை. பூத்த நாளைக் குறித்து வைத்திருப்பவர் மூன்று வாரத்துக்கு முன்பே இயந்திரக்காரரிடம் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் என்று சொல்லி வைக்க முடியும். பக்கத்து வயல்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து சொன்னால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு இன்னும் கூடும்.

இயந்திரம் வந்ததும் மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, சுத்தம். முந்தைய வயலின் நெல்லும் மண்ணும் இயந்திரத்துக்குள் ஒட்டியிருக்கும். அதோடு பாடி ஆங்கின் என்னும் காட்டு நெல்லின் விதையும் வரும். 1988-இல் சிலாங்கூரின் செகிஞ்சான், தஞ்சோங் காராங் பக்கம் முதலில் பதிவான இந்தக் களை, இன்று நாட்டின் நெல் வட்டாரங்கள் பலவற்றில் பரவிக் கிடக்கிறது. பார்க்க நெல்லைப் போலவே இருக்கும். அறுவடைக்கு முன்பே உதிர்ந்து மண்ணில் புதையும். அடுத்த போகத்தில் பயிரோடு சேர்ந்து முளைக்கும். அடுத்தவர் வயலிலிருந்து அதைக் கொண்டு வரும் வாகனங்களில் ஒன்று அறுவடை இயந்திரம். இறங்குவதற்கு முன் சுத்தம் செய்யச் சொல்வது விவசாயியின் உரிமை. அறுவடைக்கு முன் வயலில் உயர்ந்து நிற்கும் காட்டு நெற்கதிர்களை வெட்டி எடுப்பதும் அவசியம்.

இரண்டு, நேரம். பனி காயாத விடியற்காலையில் அறுத்தால் ஈரம் கூடும், வைக்கோலோடு நெல்லும் வெளியே போகும். வெயில் ஏறிக் கதிர் உலர்ந்த பிறகு தொடங்குவதே சரி.

மூன்று, வேகம். இயந்திரக்காரருக்கு ஒரு நாளில் எத்தனை வயல் என்பது கணக்கு. விவசாயிக்கு ஒரு வயலில் எத்தனை மூட்டை என்பது கணக்கு. வேகம் கூடினால் இழப்பும் கூடும். அதை அளக்க எளிய வழி உண்டு. அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு சட்டத்தைக் குச்சியால் கட்டிக்கொள்ள வேண்டும். இயந்திரம் போன பாதையில் குறுக்காகச் சில இடங்களில் அதை வைத்து உள்ளே சிந்திய மணிகளை எண்ண வேண்டும். சராசரியாக நூறு மணி இருந்தால், ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 100 கிலோ நெல் தரையில் கிடக்கிறது என்று பொருள். இயந்திரம் இறங்குமுன் அதே போல் எண்ணி வைத்தால், தானாக உதிர்ந்தது எவ்வளவு, இயந்திரம் சிந்தியது எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். எண்ணிக்கையைக் காட்டிப் பேசும்போது வாக்குவாதம் வருவதில்லை; வேகம் தானாகக் குறையும்.

ஆலை வாசலில் நடப்பது

அறுத்த நெல் லோரியில் ஏறியதும் கதை முடிவதில்லை. ஈர நெல் குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறும். அரிசி மஞ்சளாகும், வாடை வரும். 24 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும். எல்லா வயலும் ஒரே வாரத்தில் அறுக்கப்பட்டால் ஆலைக்கு முன்னால் லோரிகள் இரவெல்லாம் வரிசையில் நிற்கும். எந்த ஆலை, எந்த நாள், வரிசை எவ்வளவு என்பதை முன்பே விசாரித்து, லோரியைப் பேசிய பிறகுதான் இயந்திரத்தை வயலில் இறக்க வேண்டும்.

ஆலையில் எடை போட்ட பிறகு கழிவு என்று ஒரு விழுக்காட்டைப் பிடிப்பார்கள். ஈரம், பதர், தூசு, பச்சை மணி எல்லாவற்றுக்கும் சேர்த்து இது கணக்கிடப்படும். இந்தக் கழிவுதான் பல விவசாயிகளின் தீராத மனக்குறை.

இதில் ஒரு பகுதி நியாயமான கணக்கு. 24 விழுக்காடு ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லைச் சேமித்து வைக்கத்தக்க 14 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் 884 கிலோதான் மிஞ்சும். மற்ற 116 கிலோ தண்ணீர். 28 விழுக்காடு ஈரத்தோடு கொண்டு போனால் 837 கிலோதான். தண்ணீருக்கு யாரும் நெல் விலை கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் கழிவில் ஒவ்வொரு விழுக்காடும் எவ்வளவு காசு என்பதை விவசாயி தெரிந்து வைத்திருக்க வேண்டும். நெல்லின் குறைந்தபட்ச விலை 2025 ஏப்ரலில் டன்னுக்கு 1,300 வெள்ளியிலிருந்து 1,500 வெள்ளிக்கு உயர்த்தப்பட்டது. பத்து ரெலோங் வைத்திருப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அது 2.88 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 5 டன் என்றால் 14.4 டன் நெல். கழிவு ஒரு விழுக்காடு கூடினால் 144 கிலோ போகும். காசாக 216 வெள்ளி. ஐந்து விழுக்காடு என்றால் 1,080 வெள்ளி. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது சின்னத் தொகை அல்ல.

அந்த ஐந்து விழுக்காட்டில் எவ்வளவு ஆலையின் கையில், எவ்வளவு விவசாயியின் கையில்? பச்சையாக அறுத்தது, மழை நின்ற மறு மணி நேரத்தில் அறுத்தது, சாய்ந்த பகுதியையும் நின்ற பகுதியையும் ஒன்றாகக் கலந்தது, களையோடு சேர்த்து அறுத்தது ஆகிய எல்லாமே வயலிலேயே முடிவான கழிவுகள். மிச்சத்துக்கு, மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் நிற்கலாம். ஈரமானி காட்டும் எண்ணைக் கேட்கலாம். ரசீதில் அதை எழுதித் தரச் சொல்லலாம். வீட்டிலிருந்து புறப்படும்போதே தன் நெல்லின் ஈரம் எவ்வளவு என்று தெரிந்து வைத்திருப்பவரின் கேள்விக்குத் தனி மரியாதை உண்டு.

மழை முந்திக்கொண்டால்?

மூடா வட்டாரத்தில் முதல் போகத்தின் அறுவடை பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வருகிறது. வடமேற்குக் கரையில் மழை வலுக்கும் காலமும் அதுதான். இரண்டாம் போகம் ஆண்டின் தொடக்கத்து வெயிலில் அறுக்கப்படுவதால் அவ்வளவு தொல்லை இல்லை. ஆகவே முதல் போகத்தில் விதைப்பு இரண்டு வாரம் தள்ளிப்போனால், அறுவடை மழையின் மடியில் போய் விழும்.

காற்று மழையில் பயிர் சாய்ந்துவிட்டால் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. தண்ணீரில் கிடக்கும் முற்றிய நெல் சில நாளில் முளைவிடும். சாய்ந்த பகுதியை அறுக்கும்போது இயந்திரம் பயிர் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக, வெட்டும் பகுதியைத் தாழ்த்தி, மெதுவாகப் போக வேண்டும். அந்த நெல்லைத் தனியாக ஏற்ற வேண்டும். கெட்டதை நல்லதோடு கலந்தால் எல்லாமே கெட்ட விலைக்குப் போகும்.

முற்றாத பயிரை மழைக்குப் பயந்து ஒரு வாரம் முந்தி அறுப்பதும் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம். நின்று தாங்கும் பயிராக இருந்தால் காத்திருக்கலாம். 80 விழுக்காடு முற்றி, இரண்டு நாள் வெயில் கிடைத்தால் அந்த வெயிலை விடக் கூடாது. மீதி 20 விழுக்காட்டுக்காகக் காத்திருந்து, கையில் இருக்கும் 80-ஐப் பணயம் வைக்கக் கூடாது.

அறுத்த மறுநாள்

அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைப்பது சுலபமான வழி. புகை கம்பத்தையும் நெடுஞ்சாலையையும் மூடும். ஆஸ்துமா நோயாளிகள் அவதிப்படுவார்கள். மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்தும் காற்றோடு போகும். வைக்கோலை மாட்டுத் தீவனத்துக்கு விற்கலாம், அல்லது தாளோடு சேர்த்து உழுது மக்க விடலாம். மக்குவதற்குச் சில வாரங்கள் தேவை. இரண்டு ஆண்டில் ஐந்து போகம் என்ற திட்டத்தை அரசாங்கம் முன்வைத்துள்ள இந்தக் காலத்தில், இரு போகங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி இன்னும் சுருங்கும். ஒரு அறுவடை பத்து நாள் தள்ளினால் அது அடுத்த போகத்தின் பத்து நாளைத் தின்றுவிடும்.

ஆகவே ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். வயலுக்கு ஒரு பக்கம். விதைத்த நாள், பூத்த நாள், தண்ணீர் வடித்த நாள், அறுத்த நாள், ஆலையில் ஈரமும் கழிவும் எவ்வளவு என்ற ஐந்தே வரி. மூன்று போகம் எழுதினால், எந்த வயல் எப்போது முற்றும், எந்த மூலை கடைசியில் காயும், எத்தனையாவது நாளில் அறுத்தபோது கழிவு குறைந்தது என்பதை அந்த நோட்டே சொல்லும். தாத்தா காலத்தில் இதெல்லாம் தலைக்குள் இருந்தது. வயலைக் குத்தகைக்கு எடுத்து, இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்து, வேறு வேலையும் பார்த்துக்கொண்டு விவசாயம் செய்யும் இன்றைய தலைமுறைக்கு அது தாளில் இருப்பதே நல்லது.

மழையை யாரும் நிறுத்த முடியாது. இயந்திரத்தின் எண்ணிக்கையை ஒரு விவசாயியால் கூட்ட முடியாது. ஆலையின் விதியையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் தன் வயலில் நெல் பூத்த நாளைத் தெரிந்து வைத்திருப்பது அவர் கையில்தான் இருக்கிறது. அந்த ஒரு தேதியைக் கையில் வைத்திருப்பவர் மற்ற எல்லோரிடமும் நாள் கேட்டு நிற்க மாட்டார். அவரே நாள் சொல்வார்.